முப்பதுக்குப் பதினாறு

அறுபத்து நான்கு வயதில் எனக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். முப்பது மதிப்பெண்ணுக்குப் பதினாறு வாங்கினேன். பரீட்சை வைத்த டாக்டர் என் மகனைவிட இளையவர். பக்கத்தில் என் மருமகள் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாளை யாருக்கும் காட்டக் கூடாது, கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சில மாதம் கழித்து அதே தாளை நானே கொண்டுபோய்த் தாலுகா அலுவலகத்து மேஜையில் வைக்க வேண்டி வந்தது. இடையில் நடந்ததை எழுதி வைத்தால், வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் யாருக்காவது உதவும்.

என் பெயர் சகுந்தலா. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் இருபத்தைந்து வருடம் அமைப்பாளராக இருந்தேன். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை எண்ணெய் என்று மனக்கணக்கிலேயே போட்டு ஆயாவிடம் அளந்து கொடுப்பேன். நான் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் டீச்சர்தான்.

கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் குமரேசன் குவைத்தில் வேலை பார்க்கிறான். வீட்டில் நானும் மருமகள் பவானியும்தான். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நஞ்சை எங்கள் சாகுபடியில் இருந்தது. சொந்த நிலம் இல்லை, குத்தகை. நிலத்துக்காரக் குடும்பம் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. குத்தகைக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்து, பதிவேட்டில் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்ன காலத்தில், என் மாமனார் நான்கு நாள் தாலுகா வாசலிலேயே காத்துக் கிடந்து பதிந்துவிட்டு வந்தார். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார். அவருக்குப் பிறகு என் கணவர் பெயர், கணவருக்குப் பிறகு என் பெயர். ஆட்சி மாறி மாறி வந்தது, பதிவேட்டில் எங்கள் குடும்பத்துப் பெயர் மாறவில்லை.

ஆனால் எங்கள் வயலுக்கு அரை மைல் தூரத்தில் புறவழிச்சாலை வந்ததும் நிலத்தின் மதிப்பு வேறாகிவிட்டது. சுற்றிலும் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் சம்பா நடவு முடிந்த சமயத்தில்தான் எனக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்னதாக. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு என்ன பெயர் என்று யோசித்தேன். மதியம் படுத்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன். தலை ஒரு மாதிரி கனத்துக்கொண்டே இருந்தது. வலது கால் செருப்பு எனக்குத் தெரியாமலேயே கழன்று பின்னால் கிடக்கும். பவானி எடுத்து வந்து கொடுப்பாள்.

ஒரு நாள் மன்னார்குடி பேருந்து நிலையத்தில் எங்கள் ஊர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியாமல் நின்றேன். நாற்பது வருடமாக ஏறுகிற இடம். போர்டைப் படிக்க முடிந்தது. ஆனால் படித்த பெயர் எங்கள் ஊரா இல்லையா என்று புரியவில்லை. ஊர்க்காரப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைப் பவானியிடம் சொல்லவில்லை. அவளுக்கு அதை அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள்.

பக்கத்து ஊர் டாக்டரிடம் போனோம். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார்.

"வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பதில் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. வயதாகிறது என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

அப்புறம்தான் தாலுகாவிலிருந்து அந்த நோட்டீஸ் வந்தது. நிலத்துக்காரரின் பிள்ளைகள் மனுப் போட்டிருந்தார்கள். நான் விருப்பப்பட்டே குத்தகையை விட்டுக்கொடுத்துவிட்டேனாம். அதனால் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்க வேண்டுமாம். நான் எழுதிக் கொடுத்ததாக ஒரு கடிதத்தையும் தாக்கல் செய்திருப்பதாக அதில் இருந்தது. கடிதத்தின் தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

பவானி குவைத்துக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா, யாராவது வந்து கையெழுத்து வாங்கினாங்களா?" என்று குமரேசன் கேட்டான்.

"தெரியலப்பா."

"தெரியலன்னா? போட்டீங்களா, போடலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. போட்டதும் இல்லை, போடாததும் இல்லை. போனைப் பவானியிடம் கொடுத்துவிட்டு அழுதேன். நிலம் போய்விடுமே என்று அழவில்லை. நான் செய்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லையே என்றுதான் அழுதேன்.

பவானி போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, கேஸ் அப்புறம். நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குத் தஞ்சாவூர் போறோம். பெரிய ஆஸ்பத்திரியில காட்டுவோம்."

"களை எடுக்க ஆள் சொல்லியிருக்கியே."

"களை ரெண்டு நாள் இருக்கட்டும். அது எங்கயும் ஓடிடாது."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்கு வெளியே நீளமான நடை. இரண்டு பக்கமும் பெஞ்சு. எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். என் பக்கத்தில் அதிராம்பட்டினத்திலிருந்து வந்த சல்மா பீவி என்ற பெண் தன் தாயோடு உட்கார்ந்திருந்தாள். தாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மகளைப் பார்த்து, "வாப்பா வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்துகிட்டே இருக்காங்க உம்மா" என்று சல்மா ஒவ்வொரு தடவையும் அதே குரலில் பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க வாப்பா மௌத்தாகி ஏழு வருசமாச்சு அக்கா" என்றாள். இறந்துபோன கணவரைத்தான் அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோவம் வராதா உனக்கு?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"மொதல்ல வரும். வேணும்னே பண்றாங்கன்னு நெனச்சு ஒருநாள் கத்திட்டேன் அக்கா. இங்க வந்து டெஸ்ட் எல்லாம் எடுத்து, மூளை சுருங்குற நோய், முழுசாக் குணமாகாதுன்னு சொன்னாங்க. அன்னைக்கு ரொம்ப அழுதேன். ஆனா கோவம் அன்னையோட போச்சு. அவங்க பண்ணல, நோய் பண்ணுதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல. இப்ப மாத்திரை குடுக்குறாங்க. கொஞ்சம் நல்லாத் தூங்குறாங்க."

அடுத்த வருடம் பவானி இதே பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு இப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு பெண். மெலிந்த உருவம், சட்டைப் பையில் மூன்று பேனா. நான் கதவிலிருந்து நாற்காலிவரை நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு சோதனைதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா? காது நல்லாக் கேக்குதா? கண்ணாடி போடுவீங்களா?" என்று முதலில் கேட்டார். எதற்கு இதெல்லாம் என்று பவானி கேட்டாள்.

"படிக்காதவங்களுக்கும் காது மந்தமானவங்களுக்கும் இந்தப் பரீட்சையில மார்க் குறையும். அதை மறதின்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. அதுக்குத்தான்."

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. இது என்ன வருடம்? என்ன மாதம்? என்ன கிழமை? இது எந்த ஊர், எத்தனையாவது மாடி? வருடத்தைத் தப்பாகச் சொன்னேன். ஒன்றிரண்டு இல்லை, ஆறு வருடம் பின்னால் சொன்னேன். மாம்பழம், சாவி, படகு என்று மூன்று வார்த்தை சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

"தொண்ணூத்தி மூணு" என்றேன் உடனே. அதற்கு மேல் போகவில்லை. நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மனக்கணக்கில் அளந்தவளுக்கு, தொண்ணூற்று மூன்றில் ஏழு போனால் என்னவென்று வரவில்லை. பவானி தலையைக் குனிந்துகொண்டாள்.

பேனாவைக் காட்டி இது என்ன என்றார், சொன்னேன். ஒரு காகிதத்தை வலது கையில் வாங்கி, இரண்டாக மடித்து, தரையில் வைக்கச் சொன்னார். வாங்கினேன், மடித்தேன், மடியில் வைத்துக்கொண்டேன். கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் நன்றாகத்தான் வந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் போய் நெருக்கிக்கொண்டு நின்றன. தப்பு என்று பார்த்ததும் தெரிந்தது. எப்படிச் சரி செய்வது என்று தெரியவில்லை.

"உங்க மனசுக்குத் தோணுற ஒரு வாக்கியம் எழுதுங்கம்மா."

எழுதினேன். டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "வருகை நூற்று நாற்பத்தி ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே, என்ன வருகை?" என்று கேட்டார்.

"பிள்ளைங்கதான். இன்னைக்கு வந்தது" என்றேன்.

பவானிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "ரிட்டயர் ஆகி ஆறு வருசம் ஆச்சு டாக்டர்" என்றாள்.

கடைசியாக அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். படகு மட்டும் வந்தது. கூட்டிப் பார்த்தார். பதினாறு.

"அப்போ மறதி நோய்தானா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். அதை நான் மறக்கவில்லை. மறதியிலும் அது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

"இந்தப் பரீட்சை நோய் பேரைச் சொல்லாதும்மா. எங்கயோ ஏதோ சரியில்லைன்னு மட்டும்தான் சொல்லும். என்ன சரியில்லைன்னு கண்டுபிடிக்கிறது இனிமேதான். தைராய்டு கொறைஞ்சாலும் இப்படி வரும், ஒரு வைட்டமின் கொறைஞ்சாலும் வரும், மனசு ரொம்ப ஒடிஞ்சு போயிருந்தாலும் வரும். அதெல்லாம் சரி பண்ணக்கூடியது. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் டிமென்ஷியாங்கற வார்த்தையையே நாங்க எடுப்போம்." பிறகு பவானியிடம் கேட்டார். "இவங்க வலது கால் இழுத்து நடக்குறாங்க. எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"மறதியும் அதே சமயத்துலதான் ஆரம்பிச்சுதா? இப்படிக் கிடுகிடுன்னு வர்றது சாதாரண மறதி நோய்க்கு வழக்கம் இல்ல. தலையில எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்லை" என்றேன் நான்.

"பட்டுச்சு டாக்டர்" என்றாள் பவானி. "மாட்டுக்கொட்டகையில குனிஞ்சு நிமிந்தப்ப உத்திரத்துல இடிச்சுக்கிட்டாங்க. ரத்தம்கூட வரல. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். ரெண்டு மாசம் இருக்கும்."

நெஞ்சுவலிக்காக ரத்தம் உறையாமலிருக்க நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுவதையும் அவளே சொன்னாள். டாக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதினார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். அன்று பிற்பகலே ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை நுழைத்துப் படுக்க வைத்தார்கள். வலி ஒன்றும் இல்லை.

படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் எங்களுக்குக் காட்டினார். "மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல, இடது பக்கம் பாருங்க, பிறை மாதிரி தெரியுதுல்ல. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு தேங்கியிருக்கு. அது மூளையை அமுக்குது. அதனாலதான் மறதி, தூக்கம், கால் இழுப்பு எல்லாம். நிறத்தைப் பாத்தா பல வாரம் பழைய ரத்தம். சின்ன ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"எடுத்தா அத்தைக்குப் பழையபடி வந்துடுமா?" என்று பவானி கேட்டாள்.

"பெரும்பாலும் வரும். எவ்வளவு வரும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீங்க வந்தது நல்ல நேரம்."

அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். பவானி நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நடை ஊருக்குப் போய், மாட்டைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆபரேஷனுக்கு முன் தலைமுடியை மழிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வயதிலும் அடர்த்தியான முடி. மழிக்க வருவதற்கு முன் பவானி என்னை உட்கார வைத்து நிதானமாகச் சிக்கெடுத்துச் சீவிப் பின்னினாள்.

"எடுக்கப் போற முடிக்கு எதுக்குடி பின்னல்?" என்று கேட்டேன்.

"அலங்கோலமாப் போக வேண்டாம்" என்றாள்.

கையெழுத்து வாங்க வந்த நர்ஸ், "மகன் இல்லையா? மகள்?" என்று கேட்டாள். "மகன் வெளிநாட்டுல. நான்தான் போடுவேன்" என்று பவானி வாங்கிப் போட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு வயல் வேலை தெரியாது என்று நான் எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பேன்! அந்த நேரத்தில் அதெல்லாம் நினைவுக்கு வந்தது. என்ன வருடம் என்பது மட்டும் வரவில்லை.

மண்டையோட்டில் இரண்டு சிறிய துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். எஞ்சியது வடிய மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு நாள் தலையணை இல்லாமல் மல்லாந்தே படுக்கச் சொன்னார்கள். விட்டத்து மின்விசிறியைத் தவிர வேறொன்றும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று பவானிதான் எனக்குச் சொல்வாள். கரண்டியால் கஞ்சி ஊட்டும்போது அவளுடைய முகம் தலைகீழாகத் தெரியும்.

தெளிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் சல்மா பீவி வார்டுக்கு வந்தாள். தாய்க்கு மாத்திரை வாங்க வந்தவள், எங்களை விசாரித்துக்கொண்டு தேடி வந்திருக்கிறாள். வெள்ளை நூல் துணி ஒன்றைக் கொடுத்து, "தலையைச் சுத்திக்கங்க அக்கா, மழிச்ச தலைக்குக் குளிரும்" என்றாள்.

"உம்மாவை யார் பாத்துக்கறாங்க சல்மா?" என்று கேட்டேன்.

பவானி நிமிர்ந்து பார்த்தாள். நடையில் ஒரே ஒரு தடவை பார்த்த பெண்ணின் பெயர். அதை நான் யோசிக்காமல் சொல்லியிருந்தேன். சல்மாவுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். அவளுடைய தாய்க்கு இப்படி ஒரு காலை வராது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் போன பிறகு அந்தத் துணியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

தையல் பிரித்த அன்று டாக்டர் மறுபடியும் அதே மாதிரிப் பரீட்சை வைத்தார். வேறு மூன்று வார்த்தைகள். நூறிலிருந்து ஏழு கழித்து அறுபத்தைந்துவரை போய், இன்னும் போகட்டுமா என்று கேட்டேன். போதும் என்றார். வாக்கியம் எழுதச் சொன்னதற்கு, "எனக்குப் பசிக்கிறது" என்று எழுதினேன். முப்பதுக்கு இருபத்தாறு.

வீட்டுக்கு வந்ததும்தான் பவானி நோட்டீஸை எடுத்தாள். விசாரணையைத் தள்ளி வைக்கச் சொல்லி அவளே மனு எழுதிக் கொடுத்திருந்தாள். விவசாயச் சங்கத்து வக்கீலைப் பார்க்கப் போனோம். நிலத்துக்காரர் தாக்கல் செய்திருந்த கடிதத்தின் நகலை அவர் வாங்கி வைத்திருந்தார்.

"இது உங்க கையெழுத்தா டீச்சர்?"

பார்த்தேன். வரி கோணலாக ஏறியிருந்தது. ஆனால் என்னுடையதுதான். "கையெழுத்து என்னுதுதான். போட்டது எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

குமரேசன் போனில் கத்தினான். "போடவே இல்லன்னு சொல்லுங்கம்மா! நிரூபிக்கட்டும். அந்த மார்க் பேப்பரைக் கோர்ட்டுல காட்டினா ஊரே உங்களைப் பைத்தியம்னு சொல்லும்."

வக்கீல் அவசரப்படவில்லை. "கையெழுத்து இல்லைன்னு சொன்னா நிபுணருக்கு அனுப்புவாங்க, அங்க மாட்டிக்குவோம். இன்னொரு வழி, நடந்ததை அப்படியே சொல்றது. அன்னைக்கு உங்க நெலமை என்னன்னு ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்லும். ஆனா பதினாறுன்னு எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கேலி பண்ணுவாரு. யோசிச்சுச் சொல்லுங்க."

ஏற்கனவே ரேஷன் கடை வரிசையில் என் காதுபட, "டீச்சருக்கு மண்டை கழண்டிருச்சாம்" என்று பேசினார்கள். இனி நான் எது சொன்னாலும் அந்தப் பேச்சுத்தான் முன்னால் வரும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"நீ என்ன சொல்றே?" என்று பவானியைக் கேட்டேன்.

"நீங்க எதைச் சொன்னாலும் நான் பக்கத்துல நிப்பேன் அத்தை. ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல வராது. பாதியில மாட்டிக்குவீங்க" என்றாள்.

அது உண்மைதான். டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கினோம். தேங்கியிருந்த ரத்தம் பல வாரம் பழையது என்றும், அந்தக் கடிதத்தின் தேதியில் என் அறிவுத் தெளிவு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றும் எழுதிக் கொடுத்தார். பரீட்சைத் தாள்கள் இரண்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தார்.

விசாரணை தாசில்தார் முன்னால். நிலத்துக்காரர் பக்கம் அவர்களுடைய காரியஸ்தர் சுந்தரம் வந்திருந்தார். முப்பது வருடமாகக் குத்தகை நெல்லை அளந்து வாங்கிக்கொண்டு போனவர். என் கணவருக்கு நல்ல பழக்கம். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். பதினாறையும் சொன்னேன். சொல்லும்போது காது சூடாகியது. யாரோ பின்னால் மெல்லச் சிரித்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அன்னைக்கு உங்களுக்குப் புத்தி சரியில்ல. இன்னைக்கு மட்டும் சரியா இருக்குன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நீங்க நம்ப வேண்டாம் சார். அந்த ரெண்டாவது தாளைப் பாருங்க. நாலு மார்க் போச்சு, அதையும் மறைக்கல" என்றேன்.

எங்கள் வக்கீல் கடிதத்தின் அசலைத் தாசில்தாரிடம் காட்டி, கையெழுத்துக்குக் கீழே இருப்பதைப் படிக்கச் சொன்னார். நகலில் மங்கலாக இருந்ததால் நான்கூடக் கவனிக்கவில்லை. தாசில்தார் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "சத்துணவு அமைப்பாளர்." நிமிர்ந்து, "இந்தம்மா எப்ப ரிட்டயர் ஆனாங்க?" என்று கேட்டார்.

"ஆறு வருசத்துக்கு முன்னாடி. ஆஸ்பத்திரித் தாளுலயும் வருகை நூத்தி நாப்பத்தி ரெண்டுன்னு எழுதியிருக்காங்க, பாருங்க."

தாசில்தார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு காரியஸ்தரைக் கூப்பிட்டார். "கையெழுத்து வாங்கப் போனது நீங்கதானே? அன்னைக்கு இந்தம்மா உங்ககிட்ட என்ன பேசினாங்க?"

சுந்தரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரின்னு போட்டுக் குடுத்தாங்க சார்."

"வேற?"

சுந்தரம் தன் வக்கீலைப் பார்த்தார். அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல எழுந்ததைத் தாசில்தார் கையால் தடுத்தார்.

"முட்டை வந்துருச்சான்னு கேட்டாங்க" என்றார் சுந்தரம்.

"என்ன முட்டை?"

"சத்துணவுக்கு. லாரியில முட்டை வந்துருச்சா, எண்ணி வாங்கினீங்களான்னு என்னைக் கேட்டாங்க. நான் வந்துருச்சுன்னு சொன்னேன். அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு நடந்தது அப்போதும் நினைவுக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்பது தெரிந்துவிட்டது. முட்டைக்குப் போட்டிருக்கிறேன்.

வெளியே வேப்பமரத்தடியில் சுந்தரம் வந்து நின்றார். "பட்டணத்துப் பிள்ளைங்க நெருக்கினாங்க டீச்சர். மனை போட்டு விக்கணும்னு. தப்புத்தான்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். உள்ளே அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பதும் கூடவே தோன்றியது. "உங்களுக்கு என்னைவிட வயசு கூட" என்றேன். "ஒரு தடவை தஞ்சாவூர் போய் நீங்களும் பாத்துட்டு வாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல."

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கடிதத்தை விருப்பப்பட்டுக் கொடுத்ததாக ஏற்க முடியாது, பதிவேட்டில் பெயர் நீடிக்கும். மேல்முறையீடு போவார்கள் என்று வக்கீல் சொன்னார். போகட்டும். அதற்குள் நாங்கள் சம்பா அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய் அந்தப் பரீட்சையை எழுதிவிட்டு வருகிறேன். சென்ற தடவையும் இருபத்தாறுதான். "கொஞ்சம் தேய்மானம் இருக்கும்மா. அது வயசா, அடிபட்டதோட மிச்சமா, புதுசா ஏதாவது ஆரம்பிக்குதான்னு வருசா வருசம் பாத்தாத்தான் தெரியும்" என்றார். முன்பு இருந்த பயம் இப்போது இல்லை. வந்தால் வரட்டும், வருவது தெரியட்டும். எங்கள் தெருவில் மறதி வந்த இரண்டு பேரை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒருவருக்குத் தைராய்டு. மாத்திரையில் தேறிவிட்டார். இன்னொருவருக்கு உண்மையாகவே அந்த நோய். அவருடைய மருமகளுக்குச் சல்மாவின் போன் நம்பரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

புத்தி தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. என் பெயரில் இருக்கிற வீடு பவானிக்குச் சேர வேண்டும், அந்த ஒன்பது மாவில் என்னோடு இறங்கி உழைப்பவள் அவள் என்பதால் எனக்குப் பிறகு குத்தகைப் பதிவும் அவள் பெயருக்கே வர வேண்டும் என்று உயில் எழுத முடிவு செய்தேன். குமரேசனிடம் போனில் சொன்னேன். "அவதான் பாத்தா. அவளுக்கே எழுதுங்கம்மா" என்றான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தர் தட்டச்சு செய்த தாளை எடுத்து ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போனார். "...ஆகிய நான், நல்ல மனநிலையில், சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல்..."

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏதாவது மாத்தணுமாம்மா?"

"இல்ல, சரியாத்தான் இருக்கு. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க. மெதுவா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முதலிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தார். பவானி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை வாங்கினேன்.